அனுப்புநர் யார்? இரவல் முகவரியில் இயங்கும் நம் சங்கங்கள்



பள்ளி இணையத்தளங்களைக் கவனித்துக்கொள்ளும் நண்பர்களிடமிருந்து ஒரே குறையை மீண்டும் மீண்டும் கேட்டு வருகிறேன். "எங்கள் தளத்திலிருந்து மின்னஞ்சல் போவதில்லை. தளத்திற்கு இடம் வாடகைக்குத் தந்த நிறுவனத்தார் அனுப்புநர் முகவரிக்குக் கட்டுப்பாடு விதித்துவிட்டார்கள். நம் விருப்பப்படி முகவரியைப் போட முடியவில்லை. இது என்ன நியாயம்?" என்பதே அந்தக் குறை. சிலர் இதனைத் தமிழ்ப்பள்ளிக்கு இழைக்கப்பட்ட அநீதி என்ற அளவுக்கே கொண்டுபோய்விடுகிறார்கள்!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுப்பாடு சரியானது, தேவையானது. கோளாறு வழங்கியில் இல்லை. பள்ளியின் பெயரால் எழுதும் மடலுக்குத் தனிமனிதரின் இலவச முகவரியை இரவல் வாங்கும் நம் பழக்கத்தில் இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இப்படிச் சொல்வதால் சிலருக்குக் கோபம் வரக்கூடும். வரட்டும். காரணங்களைப் படித்துவிட்டுப் பிறகு கோபப்படுங்கள்.

கட்டுப்பாடு என்ன சொல்கிறது?

நம் பள்ளிகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் தனியாக ஒரு வழங்கிக் கணினியை வாங்கி வைப்பதில்லை. அதற்கு வசதியும் இல்லை. ஒரே வழங்கியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும் பகிர்வு முறையில்தான் இடம் எடுக்கிறோம். தோட்டத்து லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக வீடுகள், தனித்தனிக் குடும்பங்கள், ஆனால் தண்ணீர்த்தொட்டி ஒன்றுதான். ஒருவர் தொட்டியை அசுத்தமாக்கினால் எல்லார் வீட்டிலும் வயிற்றுப்போக்கு!

பகிர்வு வழங்கியில் அந்தத் தண்ணீர்த்தொட்டி என்பது வழங்கியின் இணைய எண். அங்குக் குடியிருக்கும் தளங்களின் மடல்கள் பெரும்பாலும் அந்த ஒரே எண்ணிலிருந்துதான் வெளியே போகின்றன. ஒரு குடித்தனக்காரர் குப்பை மடல்களை அனுப்பினால், 1998ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் அந்த எண்ணைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடலாம். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுப் பள்ளிச் சங்கத்தின் அழைப்பு மடலும் பலரைச் சென்று சேராது.

ஆகவே வழங்கி நடத்துவோர் ஒரு விதியை வைக்கிறார்கள். 'உன் கணக்கில் பதிவான களப்பெயரைக் கொண்ட முகவரியை மட்டுமே அனுப்புநர் இடத்தில் போடலாம்' என்பதே அந்த விதி. களப்பெயர் என்பது மின்னஞ்சல் முகவரியில் சுழிக்குறிக்குப் பின்னால் வரும் பகுதி. உங்கள் சங்கத்தின் களப்பெயர் உங்களுடையது; அதைப் போடலாம். ஜிமெயிலின் களப்பெயர் கூகுளுடையது. யாகூவின் களப்பெயர் யாகூவுடையது. அவற்றை நம் வழங்கியிலிருந்து போட நாம் யார்?

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவரவர் பறித்த கொழுந்து அவரவர் பெயரில்தான் எழுதப்படும். "என் கொழுந்தை அவர் பெயரில் எழுதுங்கள், அவர் எனக்குத் தெரிந்தவர்தான்" என்றால் கிராணி எழுதுவாரா? எழுதினால் அந்தக் கணக்கை நாளைக்கு யார் நம்புவது?

அன்று நம்பினார்கள், இன்று கேட்கிறார்கள்

மின்னஞ்சல் போக்குவரத்துக்கான நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வகுத்து வெளியிட்டார். அன்றைய வலையமைப்பு சிறியது. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. அனுப்புநர் தம் பெயரை என்ன சொன்னாலும் வழங்கி நம்பியது. சரிபார்க்கும் ஏற்பாடு அந்த நெறிமுறையில் இல்லை. வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதைதான்.

மின்னஞ்சலில் அனுப்புநர் பெயர் இரண்டு இடங்களில் வரும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒன்று, உறையின் மேல் எழுதும் முகவரி. இது வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்வது, நம் கண்ணுக்குத் தெரியாது. மற்றொன்று, மடலின் தலைப்பில் நாம் காணும் முகவரி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பழைய நெறிமுறை கட்டாயப்படுத்தவில்லை. ஏமாற்றுக்காரர்கள் நுழைந்த வாசல் இதுவே.

அந்த வாசலை அடைக்க மூன்று தாழ்ப்பாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

1. எஸ்.பி.எஃப். (2006): என் களப்பெயரால் மடல் அனுப்பும் உரிமை இன்னின்ன வழங்கிகளுக்கு மட்டுமே உண்டு என்று களப்பெயரின் உரிமையாளர் வெளிப்படையாக அறிவிப்பது. இது உறை முகவரியைச் சரிபார்க்கிறது.

2. டி.கே.ஐ.எம். (2007): மடலுக்கு அரக்கு முத்திரை வைப்பதைப் போன்றது. வழியில் யாராவது மாற்றியிருந்தால் முத்திரை பொருந்தாது.

3. டிமார்க் (2015): நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயரோடு மேற்கண்ட இரண்டில் ஒன்றாவது பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் மடலை என்ன செய்வது என்பதைக் களப்பெயரின் உரிமையாளரே அறிவிப்பது.

டிமார்க் ஆவணமாக வெளிவருவதற்கு முன்பே, 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் யாகூ நிறுவனம் அதைக் கடுமையாகச் செயல்படுத்தியது. யாகூ முகவரியைப் போட்டுக்கொண்டு வேறு வழங்கியிலிருந்து வரும் மடல்களை நிராகரித்துவிடுங்கள் என்று உலகத்துக்கே அறிவித்தது. அதே மாதத்தில் ஏ.ஓ.எல். நிறுவனமும் பின்தொடர்ந்தது. உலகெங்கும் மடற்குழுக்கள் திணறின. நம் மலேசியத் தமிழர்களுக்கு யாகூ புதியதன்று. டாக்டர் செயபாரதி நடத்திய 'அகத்தியர்' மடற்குழுவே யாகூவில்தான் இருந்தது. யாகூ முகவரி வைத்திருந்த ஆசிரியர்கள் நம்மில் எத்தனை பேர்!

பிறகு 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் விதிகளை மேலும் இறுக்கின. மடல் அனுப்பும் எவராயினும் முதல் இரண்டு தாழ்ப்பாள்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் வேண்டும். ஜிமெயில் முகவரியைப் போலியாக அனுப்புநர் இடத்தில் போடாதீர்கள் என்றும் கூகுள் வெளிப்படையாகவே எழுதி வைத்துள்ளது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் மைக்ரோசாஃப்டும் பெருமளவில் அனுப்புவோருக்கு இத்தகைய விதிகளைக் கொண்டுவந்தது.

இதன் பொருள் என்ன? நம் வழங்கி நிறுவனத்தார் நாளைக்கே கட்டுப்பாட்டை நீக்கினாலும், இரவல் முகவரியோடு போகும் மடல் அந்தப் பக்கத்து வாசலில் திருப்பி அனுப்பப்படும்; அல்லது குப்பைக் கூடைக்குப் போகும். நம் ஊர் அஞ்சலகத்தோடு சண்டை போட்டு என்ன பயன்?

அண்டை வீட்டாரிடமிருந்து நம்மைக் காப்பதும் இதுவே

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எஸ்.பி.எஃப். வழங்கியின் எண்ணைத்தான் பார்க்கிறது. பகிர்வு வழங்கியிலோ நூற்றுக்கணக்கானவர்களுக்கும் ஒரே எண். ஆக, அதே வழங்கியில் குடியிருக்கும் முன்பின் அறியாத ஒருவர் நம் சங்கத்தின் முகவரியை அனுப்புநர் இடத்தில் போட்டு மடல் அனுப்பினால், எஸ்.பி.எஃப். சோதனையில் அது தேறிவிடும்! அதைத் தடுப்பது எது? நாம் வசைபாடும் இதே அனுப்புநர் முகவரிக் கட்டுப்பாடுதான். நம் கையைக் கட்டுகிறது என்று எதைச் சொல்கிறோமோ, அதுதான் நம் வீட்டுக் கதவின் பூட்டு.

'பள்ளிக் கட்டட நிதிக்கு இந்த வங்கிக் கணக்கில் பணம் செலுத்துங்கள்' என்று சங்கத்தின் பெயரால் ஒரு போலி மடல் பெற்றோரிடம் சென்றால் என்ன ஆகும்? நம் நாட்டில் மோசடிக்கு ஆளானவர்கள் அழைப்பதற்கென்றே 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 997 என்ற எண் இயங்கி வருகிறது. அந்த எண்ணுக்குத் தேவை ஏற்பட்டிருக்கும் காலம் இது. இக்காலத்தில் "யார் பெயரை வேண்டுமானாலும் போட விடுங்கள்" என்று கேட்கலாமா?

கேமரன் மலையில் இதற்கு என்ன வேலை?

"தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கு இவ்வளவு பெரிய நுட்பம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இந்தப் பகுதி.

போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அக்காலம் தொட்டு இம்மலையில் உழைத்த நம் முன்னோர்க்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயரே முகவரி. ஊரிலிருந்து கடிதம் வந்தால் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்துதான் கைக்குக் கிடைக்கும். பிறருடைய பெயரின் வழியாகவே உலகம் அவர்களை அறிந்தது. அது அவர்கள் விரும்பிய நிலையன்று. அவர்கள் மீது சுமத்தப்பட்ட நிலை. அவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், கேட்பாரும் தடுப்பாரும் இல்லாத இக்காலத்தில், ஒரு சங்கத்தையே யாரோ ஓர் ஆசிரியரின் ஜிமெயில் முகவரியின் வழியாக நடத்துகிறோம். இது சோம்பல் அல்லாமல் வேறென்ன?

இம்மலையின் தோட்டங்களில் நம் குடும்பங்கள் குறைந்துவிட்டன. கொழுந்து பறிக்கும் வேலையில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறைந்திருக்கிறார்கள். மாணவர் எண்ணிக்கை 150க்கு மேற்படாத பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று அமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டத்துப் பள்ளிகளுக்கு அந்தச் சொல் மிகவும் பழக்கமானது. இத்தகைய பள்ளிக்கு ஒரு குழந்தை என்பது வெறும் எண்ணன்று. ஒரு வகுப்பு நடக்குமா நடக்காதா என்பதே சில வேளைகளில் அந்த ஒரு குழந்தையைப் பொறுத்தது.

இனி நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தளத்தில் 'தொடர்புக்கு' என்றொரு படிவம் இருந்தது. அதில் பெற்றோர் தம் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கேள்வியையும் எழுதி அனுப்பலாம். தளத்தை அமைத்துக் கொடுத்தவர், பெற்றோர் எழுதும் முகவரியையே அனுப்புநர் முகவரியாகப் போடும்படி நிரலை எழுதியிருந்தார். அஃதாவது, நம் வழங்கி அனுப்பும் மடலை அந்தப் பெற்றோரே தம் ஜிமெயிலிலிருந்து அனுப்பியதாகக் காட்டுவது. கட்டுப்பாடு வந்த நாள் முதல் வழங்கி அந்த மடல்களை ஏற்கவில்லை. ஆனால் படிவமோ, "நன்றி, உங்கள் மடல் கிடைத்தது" என்று சிரித்த முகத்தோடு ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது!

பல மாதங்கள் கழித்து வழங்கியின் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. மறுக்கப்பட்ட முகவரிகளை வைத்து ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். அவர்களுள் ஒரு குடும்பம் ரிங்லெட்டுக்குப் புதிதாகக் குடிவந்தது. முதலாமாண்டில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும், பள்ளி வேன் வருமா என்று கேட்டிருந்தார்கள். பதில் வரவில்லை. பிள்ளை தேசியப்பள்ளிக்குப் போய்விட்டது. "தமிழ்ப்பள்ளியில் யாரும் பதில்கூடச் சொல்லவில்லை" என்பதுதான் அந்தத் தாய் தம் உறவினர்களிடம் கூறிய செய்தி.

ஒரு வரி நிரல். ஒரு குழந்தை. இதற்குமேலும் இது கணினிக்காரர்களின் விவகாரம் என்று ஒதுங்கிப் போவோமா?

சொல்லப்படும் மறுப்புகள்

"அது என் சொந்த ஜிமெயில் முகவரி. என் முகவரியை நான் போடுவது எப்படிப் போலியாகும்?"

முகவரி உங்களுடையது, ஐயமில்லை. ஆனால் மடல் கூகுளின் வழங்கியிலிருந்து போகவில்லையே! அதைப் பெறும் வழங்கிக்கு நீங்கள் யார், ஏமாற்றுக்காரர் யார் என்று எப்படித் தெரியும்? உங்கள் ஜிமெயிலிலிருந்து எழுத வேண்டுமானால் ஜிமெயிலுக்குள் நுழைந்து எழுதுங்கள். சங்கத்தின் தளத்திலிருந்து எழுத வேண்டுமானால் சங்கத்தின் முகவரியைப் போடுங்கள். மறுமொழி உங்களுக்கே வர வேண்டுமா? அதற்கென்றே மறுமொழி முகவரி என்று தனி இடம் இருக்கிறது. அங்கே உங்கள் ஜிமெயிலைப் போட எவரும் தடைசெய்யவில்லை.

"கட்டுப்பாடு இல்லாத வேறு நிறுவனத்திற்கு மாறிவிடலாமே?"

மாறலாம். அங்கே கேள்வி கேட்பார் இல்லை என்றால், குப்பை மடல்காரர்களும் அங்கேதான் குடியேறியிருப்பார்கள். அந்தத் தண்ணீர்த்தொட்டியிலா நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பிடிக்கப் போகிறோம்?

"இப்போது எல்லாமே புலனத்தில் நடக்கிறது. மின்னஞ்சல் யாருக்கு வேண்டும்?"

நாளைக்குக் கூட்டுப்பணி, பிள்ளைகள் விளையாட்டு உடையில் வரவும் என்பதற்குப் புலனம் போதும். ஆனால் நன்கொடை வழங்கும் அறவாரியத்துக்கும், நிறுவனத்துக்கும், வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவருக்கும் புலனத்தில் விண்ணப்பம் அனுப்புவீர்களா? ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த மடல் எங்கே என்று கணக்காய்வாளர் கேட்டால் யாருடைய கைப்பேசியைத் தேடுவது? மேலும் புலனக் குழுவும் ஒருவருடைய கைப்பேசி எண்ணில்தானே நிற்கிறது! நோய் அதே நோய்தான்.

"இதுவரை ஒன்றும் ஆகவில்லையே?"

இடமாற்றக் கடிதம் வரும் வரை ஒன்றும் ஆகாது. ஆசிரியர் வேறு மாநிலத்துக்குப் போகிறார். அவரோடு அவருடைய அஞ்சல்பெட்டியும் போகிறது. அதற்குள் பத்தாண்டுக் காலக் கடிதங்கள், நன்கொடையாளர் பட்டியல், பெற்றோர் முகவரிகள், பிள்ளைகளின் விவரங்கள் எல்லாம் இருக்கின்றன. புதிய செயலாளர் சுழியத்திலிருந்து தொடங்குகிறார். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை இதுதான். நான் அந்த ஆசிரியரைக் குறை கூறவில்லை. தம் நேரத்தையும் முகவரியையும் கொடுத்து உழைத்தவர் அவர். அவருடைய நல்ல மனத்தையே நிறுவனமாக நினைத்துக்கொண்ட சங்கத்தைத்தான் குறை கூறுகிறேன்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். கல்வி அமைச்சு 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டெலிமா கற்றல் தளத்தைத் தொடங்கியது. அதன்வழி முதலாமாண்டில் காலடி வைக்கும் பிள்ளைக்குக்கூட அமைச்சின் களப்பெயரில் ஓர் அடையாளம் உண்டு. அந்தப் பிள்ளைக்காகக் கூடும் பெற்றோர் சங்கத்துக்குத் தன் பெயரில் ஒரு முகவரி இல்லை!

வழங்கி நடத்துவோருக்கும் ஒரு சொல்

கட்டுப்பாடு சரி என்பதால் அதை நடத்தும் முறையெல்லாம் சரி என்றாகிவிடாது. சில நிறுவனத்தார் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நள்ளிரவில் விதியை நடைமுறைப்படுத்துகிறார்கள். மடல் மறுக்கப்பட்டால் வருவது 550 என்றும் 553 என்றும் ஓர் எண். உடன் புரியாத ஆங்கிலத்தில் ஒரு வரி. இன்னும் சிலர் அதையும் சொல்வதில்லை. மடலை ஓசையின்றி விழுங்கிவிடுகிறார்கள். மறுப்பது உங்கள் உரிமை. மறுத்ததைத் தெளிவாகச் சொல்வது உங்கள் கடமை. காசு வாங்கிக்கொண்டு கடிதத்தைக் குப்பையில் போடும் அஞ்சல்காரரை எந்த ஊரும் பொறுத்துக்கொள்ளாது. விதி வரும் நாளை முன்கூட்டியே அறிவியுங்கள். தீர்வையும் படிப்படியாக எழுதிக் கொடுங்கள். ஆசிரியர்களும் கடைக்காரர்களும்தாம் உங்கள் வாடிக்கையாளர்கள். எல்லாரும் பொறியியலாளர்கள் அல்லர்.

இனிச் செய்ய வேண்டியவை

1. சங்கத்தின் பெயரில் ஒரு களப்பெயர் பதியுங்கள். ஆண்டுக் கட்டணம், விளையாட்டுப் போட்டிக்கு நாம் வாங்கும் வெற்றிக்கிண்ணங்களின் செலவைவிடப் பெரும்பாலும் குறைவே. பதிவு தனியாள் பெயரில் இருக்கக் கூடாது. புதுப்பிக்கும் நாளைச் செயலாளர், பொருளாளர் இருவரும் குறித்து வைத்திருக்க வேண்டும்.

2. பதவியின் பெயரால் முகவரிகள் அமையுங்கள்: செயலாளர், பொருளாளர், பதிவு என்று. ஆள் மாறினால் கடவுச்சொல் மாறும், முகவரி மாறாது.

3. தளத்தின் படிவங்களில் அனுப்புநர் இடத்தில் சங்கத்தின் முகவரியையும், மறுமொழி இடத்தில் எழுதியவரின் முகவரியையும் போடச் சொல்லுங்கள். நிரல் எழுதுபவருக்கு இது சில நிமிட வேலை.

4. மடல் உரிய கணக்கின் பெயராலும் கடவுச்சொல்லாலும் உள்நுழைந்து அனுப்பப்படும்படி அமையுங்கள். மேலே சொன்ன மூன்று தாழ்ப்பாள்களையும் போடும்படி வழங்கி நிறுவனத்தாரிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலோர் செய்து தருவார்கள்.

5. மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். மடல் வந்து சேர்கிறதா என்று பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை.

பள்ளியில் அலுவல் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். அனுப்புநர் முகவரியை எழுதாத பிள்ளைக்குப் புள்ளியைக் குறைக்கிறோம். பக்கத்து வீட்டு முகவரியை எழுதிய பிள்ளையைப் பார்த்து, "இது உன் வீடா?" என்று கேட்கிறோம். அதே கேள்வியை ஒரு வழங்கி நம்மைப் பார்த்துக் கேட்டால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?

முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வந்து, கணினியில் தமிழ் மடல் எழுதும் வழியை நமக்குத் திறந்துவிட்டது. அந்த மடலின் அடியில் எழுத நமக்கென்று ஒரு பெயரும் வேண்டாமா? தமிழ்ப்பள்ளியின் பெயரைக் காப்போம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். இணையத்தில் அந்தப் பெயர் என்பது களப்பெயர்தான். அதைப் பதிவதற்கும் காப்பதற்கும் முழக்கம் தேவையில்லை; ஒரு படிவமும் சிறு தொகையும் போதும்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் 'பிற விவகாரங்கள்' என்ற தலைப்பு வரும்போது எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் சங்கத்தின் மின்னஞ்சல் முகவரி யாருடையது?" பதிலாக ஒரு தனிமனிதரின் பெயர் வந்தால், அன்றைக்கே தீர்மானம் போட்டுவிடுங்கள்.